நாற்பதைத் தாண்டியவர்களும் மஞ்சள் கருவும்

வார இதழின் மருத்துவப் பக்கத்தில் கால் பக்கம் காலியாகக் கிடந்தது. வருவதாக இருந்த பற்பசை விளம்பரம் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டது. பக்கம் வடிவமைக்கும் பையன் நாற்காலியைத் திருப்பி, "என்னத்த சார் போடட்டும்?" என்று கேட்டான். உதவி ஆசிரியர் டீயில் நனைத்த பிஸ்கட் உடைந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொள்ளும் அவசரத்தில் இருந்தார்.

"முட்டை" என்றார்.

"போன மாசம்தானே சார் முட்டை போட்டோம்?"

"போன மாசம் நல்லதுன்னு போட்டோம். இப்பக் கெட்டதுன்னு போடுவோம். சரியாப் போயிடும்."

முட்டையைப் போல உதவிக்கு வரும் பண்டம் வேறு இல்லை என்பது அவருடைய அனுபவம். வெள்ளரிக்காயைப் புகழத்தான் முடியும், திட்ட முடியாது. சர்க்கரையைத் திட்டத்தான் முடியும். முட்டை அப்படியில்லை. வெள்ளையைப் புகழ்ந்து மஞ்சளைத் திட்டலாம், அடுத்த மாதம் மஞ்சளைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடலாம். வேகவைத்தால் ஒரு கட்டுரை, அரை வேக்காட்டுக்கு ஒரு கட்டுரை, பச்சையாகக் குடித்தால் இன்னொன்று. எத்தனை தடவை அடித்தாலும் சுரணையே இல்லாமல் உருண்டு வந்து முன்னால் நிற்கும். இவர் எழுதியதற்குக் கீழே, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பும் தலை நிறைய முடியுமாகச் சிரிக்கும் ஒரு டாக்டரின் போட்டோ. படிப்பை முடித்த கையோடு எடுத்த போட்டோ அது. அந்த மனிதருக்கு இப்போது நடு மண்டை பளபளக்கிறது. பெயரையும் போட்டோவையும் கொடுத்ததோடு அவர் கடமை தீர்ந்தது. தன் பெயரில் வாராவாரம் என்ன வருகிறது என்று அவர் ஒரு தடவை புரட்டிப் பார்த்ததாகக்கூட உதவி ஆசிரியருக்குத் தெரியவில்லை. புரட்டாதவரைக்கும் அவர் புத்திசாலி.

படிக்கிறவர்களை நினைத்தால்தான் உதவி ஆசிரியருக்கு உதடு கோணிக்கொள்ளும். அவர்களில் ஒருவரையும் அவர் நேரில் பார்த்ததில்லை, பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை. ஆனாலும் அவர்கள் எப்படி இருப்பார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறந்துகொண்டு எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். படித்ததைக் கத்தரியால் வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவார்கள். கடைக்குப் போய் முட்டையைக் கையில் எடுத்து, இது இந்த வாரம் சேர்த்தியா சேர்த்தியில்லையா என்று யோசித்துவிட்டு வாங்குவார்கள். எதைத் தின்பது என்று தன் வயிற்றைக் கேட்கத் தெரியாத ஜனங்கள். பசிக்கிறதா இல்லையா என்பதையே யாராவது அச்சடித்துச் சொன்னால்தான் நம்புவார்கள் போல. அவர்களுக்கு இதுவே அதிகம்.

அலுவலகத்தில் எல்லோரும் உதவி ஆசிரியரை 'டாக்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். பிழை திருத்துகிறவர் கிண்டலுக்கு ஆரம்பித்து வைத்தது. நாளடைவில் கிண்டல் தேய்ந்து வெறும் பெயராகிவிட்டது. இத்தனை வருஷத்தில் இதைவிட நல்ல கிண்டல் ஒன்று இந்தக் கூட்டத்துக்குத் தோன்றவில்லையே என்று அவருக்கு இளக்காரம். இருந்தாலும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

அன்றைக்குக் கால் பக்கத்தை நிரப்ப அவர் தட்டிய தலைப்பு: 'நாற்பதைத் தாண்டியவர்களா? மஞ்சள் கரு உங்களை மெல்லக் கொல்லும் எதிரி!' 'மெல்ல' என்ற சொல்லில் மருத்துவம் எதுவும் இல்லை. தலைப்பு இரண்டு பத்தி அகலத்துக்கு வரவில்லை, அதனால் சேர்த்தார்.

அந்த இதழ் வந்து சில வாரம் ஆகியிருக்கும். மத்தியான நேரம். வரவேற்பில் இருக்கும் பெண் எட்டிப் பார்த்து, "டாக்டர், உங்களைப் பாக்க ஒருத்தர் வந்திருக்காரு" என்றாள். அவள் பின்னாலேயே ஒரு மனிதர் நின்றிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சட்டைப் பையின் மேல் லிஃப்ட் கம்பெனியின் முத்திரை தைத்த யூனிஃபார்ம். நகக் கண்ணில் கிரீஸ். சட்டையின் முன்பக்கம் மட்டும் இஸ்திரி போடப்பட்டு, முதுகு கசங்கிக் கிடந்தது. எதிரில் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"போட்டோவுல பாத்ததுக்கு ரொம்ப மாறிட்டீங்க டாக்டர்" என்றார்.

இல்லை, நான் அவரில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் யார், நான் யார், பெயர் ஒருவருடையது எழுத்து ஒருவருடையது என்று இந்த ஆளுக்கு முதலிலிருந்து பாடம் எடுக்க வேண்டும், அதற்கு யாரால் முடியும் என்று உதவி ஆசிரியர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். உண்மை வேறு. அவர் முன்னால் உட்காரத் தயங்கி ஒருவர் நின்று எவ்வளவோ காலம் ஆயிற்று.

"சொல்லுங்க" என்றார், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி.

"என் சம்சாரத்துக்கு வயித்துல ஆபரேஷன் ஆச்சுங்க. தையல் ஒரு ஓரத்துல ஆற மாட்டேங்குது. நீர் கசியுது. சர்ஜன் பாத்துட்டு, உடம்புல சத்தே இல்லப்பா, தினம் ரெண்டு முட்டை கொடு, மஞ்சளோட முழுசாக் கொடுன்னுட்டாரு. இவ என்னடான்னா வெள்ளையை மட்டும் பிச்சுத் தின்னுட்டு மஞ்சளை அப்படியே தட்டுல உருட்டி விட்டுடுறா. ஏன்டின்னு கேட்டா இதைக் காட்டுறா."

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்து, கிரீஸ் படாமல் புறங்கையால் நீவி விட்டார். கத்தரியால் வெட்டியதுதான். உதவி ஆசிரியருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"சர்ஜன் சொல்லியுமா கேக்கல?"

"சர்ஜனை அவ ரெண்டு தடவைதான் பாத்திருக்கா. உங்களை வாராவாரம் படிக்கிறாளே."

"இதெல்லாம் பொதுவா எழுதுறதுங்க. ஆபரேஷன் ஆனவங்களுக்கு இது கணக்கு இல்ல. சர்ஜன் சொன்னபடி சாப்பிடச் சொல்லுங்க."

"நான் சொன்னாக் கேட்டுட்டாலும்!" மனிதர் ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் லிஃப்ட் பாக்குறவன் டாக்டர். நீங்க நேர்ல ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா முடிஞ்சு போச்சு. வீடு பக்கந்தான், வண்டி இருக்கு. அவ கரைஞ்சுக்கிட்டே போறா. ராத்திரி எந்திரிச்சு மூச்சு வருதான்னு பாத்துட்டுப் படுக்குறேன்."

மறுக்கத்தான் நினைத்தார். ஆனால் அந்தப் பெண்மணி அவர் மனக்கண்ணில் வந்துவிட்டாள். எலும்பும் தோலுமாகப் படுத்திருக்கிறாள். அவர் உள்ளே நுழைந்ததும் கண் விரிய, எழுந்து உட்காரப் பார்க்கிறாள். முடியவில்லை. பரவாயில்லம்மா, படுத்துக்குங்க என்று அவர் கை காட்டுகிறார். இரக்கம் என்று சொல்ல முடியாது. அந்தக் காட்சியில் தானும் இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. நாற்காலியின் முதுகிலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. "இது வேற கம்பெனியோடது டாக்டர், நான் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் படியேறினார். நாலாவது மாடி வந்து சேர்ந்தபோது உதவி ஆசிரியருக்கு மூச்சு இரைத்தது. உடம்பைப் பேணுவது பற்றி வாரம் தவறாமல் எழுதுகிற மனிதர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை மெக்கானிக் மரியாதைக்காகப் பார்க்காத மாதிரி இருந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே தெரிந்தது, இந்த வீட்டில் வேலை செய்து பழகிய கை படுத்துவிட்டது, பழகாத கை புகுந்து துவம்சம் பண்ணுகிறது என்று. நாற்காலி முதுகுகளில் எல்லாம் ஈரத் துணி. அடுப்பின் மேல் அடி கருகிய பாத்திரம். கழுவும் தொட்டியில் முட்டை ஓடுகள் மிதந்தன. எல்லாவற்றுக்கும் நடுவே ஜன்னலோரமாகக் கட்டிலும், கட்டிலில் அந்த அம்மாளும் மட்டும் துப்புரவாக இருந்தார்கள். தலை வாரியிருந்தாள். வயிற்றின் மேல் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடி போட்டு எதையோ படித்துக்கொண்டிருந்தாள். இளைத்துத்தான் இருந்தாள். ஆனால் எழுந்து உட்காரப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு மேலே பார்வையை உயர்த்தி, வந்தவரின் காலிலிருந்து தொடங்கி மெதுவாக மேலே வந்தாள்.

"யாரு வந்திருக்காங்கன்னு பாரு! டாக்டரே வந்துட்டாரு!"

"அப்படியா. உக்காருங்க டாக்டர்."

உதவி ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதாவதும்மா, மஞ்சள் கருவைத் தவிர்க்கணும்னு நான் எழுதினது ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்கு. உங்களை மாதிரி அறுவைச் சிகிச்சை ஆனவங்களுக்குத் திசுக்கள் வளர்றதுக்குப் புரதம் இன்றியமையாதது. வெள்ளைக் கருவுல புரதம் இருக்கு. ஆனாலும் மஞ்சள் கருவுல இருக்குற சத்துக்கள் சேர்ந்தாத்தான் அது முழுமை பெறும். வல்லுநர்கள் இதைத்தான் வலியுறுத்துறாங்க."

மனப்பாடமான பாட்டைக் கேட்கிற மாதிரி அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மெக்கானிக் ஓடிப்போய்ச் சமையலறையிலிருந்து ஒரு தட்டைக் கொண்டு வந்தார். ஓடு உரிக்கத் தெரியாமல் உரித்து, அம்மைத் தழும்பு விழுந்த முகம் போலக் குண்டும் குழியுமாக இரண்டு முட்டைகள், பக்கத்தில் ஒரு குவியல் உப்பு. தட்டை அவள் மடியில் வைத்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் போய் இடுப்பில் கை வைத்து நின்றார். எண்ணெய் விட்ட மோட்டார் எப்போது ஓடும் என்று பார்க்கிறவரைப் போல அவள் வாயையே பார்த்தார்.

அவள் முட்டையைத் தொடவில்லை. "மிளகுத் தூள் தீந்து போச்சு. கீழ போய் வாங்கிட்டு வாங்க. டாக்டரும் நம்ம வீட்டுல ஒரு வாய் சாப்பிட வேணாமா?"

மெக்கானிக் இரண்டிரண்டு படியாக இறங்கும் சத்தம் கேட்டது. அது தேய்ந்து மறையும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள்.

"தம்பி அந்தப் பத்திரிகையிலயா வேலை பாக்குறீங்க?"

"என்னம்மா கேக்குறீங்க?"

"வந்து இவ்வளவு நேரம் ஆச்சு, புண்ணு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. டாக்டருன்னா வாசப்படி தாண்டினதும் அதைத்தான் கேப்பான். 'இன்றியமையாதது'ன்னு எந்த டாக்டரும் வாயால சொல்லி நான் கேட்டதில்ல. அதை எழுதுறவந்தான் அப்படிப் பேசுவான்."

உதவி ஆசிரியருக்கு முகம் சுட்டது. எழுந்துவிடலாமா என்று கோட்டின் நுனியைப் பிடித்தார். "உங்க வீட்டுக்காரர்தான் ரொம்பக் கட்டாயப்படுத்தி..." என்று இழுத்தார்.

"அவரு யாரையும் நம்புவாரு. அது அவரு சுபாவம்."

"நீங்களும் நம்பித்தானம்மா மஞ்சளை ஒதுக்கி வெச்சிருக்கீங்க?"

அந்த அம்மாள் சிரித்தாள். சிரித்ததும் வயிறு இழுத்திருக்க வேண்டும், தலையணையை இறுக்கிக்கொண்டாள். "நானா? தம்பி, போன வருஷம் மஞ்சள் கரு மூளைக்கு நல்லதுன்னு எழுதினீங்க. அதுக்கு முன்னால காலையில பச்சையாக் குடிங்கன்னு எழுதினீங்க. குடிச்சவங்க கதி என்னாச்சோ, அப்புறம் பச்சையாக் குடிச்சா ஆபத்துன்னு எழுதினீங்க. பக்கத்து வீட்டம்மாவும் நானும் உக்காந்து சத்தமாப் படிச்சு சிரிப்போம். நகைச்சுவைத் துணுக்கை விட உங்க பக்கம் நல்லா இருக்கும். அதுக்குன்னே வாங்குறோம்."

வாயைத் திறந்துகொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்கும் அந்தப் பெரிய கூட்டம், இத்தனை வருஷமாக அவர் காறித் துப்பாத குறையாகப் பார்த்து வந்த கூட்டம், ஒரேயடியாக நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. யாருக்கும் எதுவும் தெரியாது என்பது மட்டும்தான் அவருக்கு இதுவரை ஆறுதலாக இருந்திருக்கிறது. அது கையை விட்டு நழுவுவதை உணர்ந்தார்.

"அப்ப ஏன் சாப்பிடல? முட்டை பிடிக்காதா?"

"பிடிக்கும். மஞ்சள்தான் ரொம்பப் பிடிக்கும்." அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "கல்யாணம் ஆன நாளா நான் பகல்ல படுத்ததில்ல தம்பி. சுரம் வந்தப்பக்கூட மாத்திரையைப் போட்டுக்கிட்டு நின்னுருக்கேன். இந்த ஆபரேஷனுக்கு அப்புறம்தான் படுத்தேன். தினம் காலையில அவரு டீ போட்டுக் கொண்டாந்து தர்றாரு. பால் பொங்கி, அடி பிடிச்சு, வாயில வைக்க முடியாத டீ. அந்தக் கண்றாவியை எனக்குன்னே போடுறாரு. நான் என்ன திங்கிறேன், எவ்வளவு திங்கிறேன்னு அந்த மனுஷன் இத்தனை வருஷத்துல கேட்டதே இல்ல. இப்ப வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. புண்ணு ஆறிடுச்சுன்னு வைங்க. மறுநாள் நான் எந்திரிக்கணும். எந்திரிச்சிட்டா அவரு பழையபடி உக்காந்துடுவாரு."

"ஆறலைன்னா சீழ் வெச்சுடும்மா. உயிருக்கே..."

"அது எனக்குத் தெரியாதா? அதனாலதான் வெள்ளையைத் திங்கிறேன். சாகவும் கூடாது, எந்திரிக்கவும் கூடாது. அதுக்கு என்ன வழின்னு பாத்தப்ப உங்க பக்கம் கைக்கு வந்துச்சு. முதல் தடவையா ஒரு உபயோகம். அதையும் நீங்களே மாடியேறி வந்து கெடுத்துட்டீங்க."

சொல்லிவிட்டு அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். கோபத்துக்கு எதிராளி என்று ஒருத்தர் வேண்டும். அவள் அவரை அந்த அளவுக்கும் மதிக்கவில்லை. இவனிடம் என்ன பேச்சு என்ற அலுப்பும், கொஞ்சம் வேடிக்கையும் கலந்த பார்வை. அது அவருக்கு நன்றாகத் தெரிந்த பார்வைதான். அதை இத்தனை காலம் அவர் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் மெக்கானிக்கிடம் போட்டு உடைத்துவிட்டால் என்ன என்று ஒரு வேகம் வந்தது. உங்க சம்சாரம் உங்களை ஏமாத்துறா, மஞ்சளை வேணும்னேதான் ஒதுக்குறா என்று. உடனே அதன் மறுபாதியும் தோன்றியது. உடைத்தால் முதலில் உடைவது யார்? படியில் காலடிச் சத்தம் ஏறி வந்தது. அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மெக்கானிக் மிளகுத் தூள் பொட்டலத்தோடு மூச்சு வாங்க உள்ளே வந்தார். "என்ன டாக்டர், ஒத்துக்கிட்டாளா?"

இருவரும் உதவி ஆசிரியரையே பார்த்தார்கள். அவர் கண் தட்டுக்குப் போயிற்று. எத்தனையோ வருஷமாக எழுதிக் குவித்ததில் ஒரு வரிகூட அவர் கண்ணெதிரே ஒரு மனுஷியின் தொண்டைக்குள் இறங்கியதில்லை. இப்போது என்ன சொன்னாலும் இறங்கும், அல்லது இறங்காமல் நிற்கும்.

"ரெண்டையும் சாப்பிடணும்" என்றார். "மஞ்சளோட."

அந்த அம்மாளின் முகம் கதவைச் சாத்திய மாதிரி ஆயிற்று. "நான் சொன்னேன்ல!" என்று மெக்கானிக் துள்ளினார்.

"ஆனா..." என்றார் உதவி ஆசிரியர். பத்தியை இழுக்க வேண்டியிருக்கும்போதெல்லாம் அவர் தாராளமாகப் போடுகிற சொல் அது. அதற்குப் பிறகு என்ன வரும் என்று யோசிக்காமலே ஆரம்பித்துப் பழக்கம். "ஆனா முட்டை மட்டும் போதாது. தையல் மேலுக்கு ஆறிட்ட மாதிரி தெரியும், உள்ளுக்குள்ள ஆறியிருக்காது. அதைப் பாத்து ஏமாந்து எழுப்பி விட்டுடாதீங்க. ஆறு மாசத்துக்கு ஒரு வேலையும் கூடாது."

"ஆறு மாசமா? அப்ப சமையலு?"

"நீங்கதான்."

"துணி மணி எல்லாம்?"

"அதுவும்தான். முதுகுப் பக்கமும் இஸ்திரி போடப் பழகிக்குங்க. முக்கியமா காலையில அந்த டீ. அது ஒரு நாள் தவறக் கூடாது."

மெக்கானிக் கோளாறு எங்கே என்று கேட்டுக்கொள்கிற முகத்தோடு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சமையல், துணி, டீ என்று விரல் மடக்கினார். ஒரு மறுப்பு இல்லை, ஒரு சந்தேகம் இல்லை. இந்த நம்பிக்கையைப் பார்த்து நேற்றுவரை உதவி ஆசிரியருக்கு உதடு கோணியிருக்கும். இன்றைக்குக் கோணவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கோணியது யாரைப் பார்த்து என்றுதான் பிடிபடவில்லை. தான் செய்தது நல்ல காரியமா, தன்னைப் பார்த்துச் சிரித்தவளை வாங்கிப் போட வீசிய எலும்புத் துண்டா, அதுவும் பிடிபடவில்லை. மற்றதெல்லாம் எப்படி இட்டுக் கட்டினாரோ இதையும் அப்படியேதான் கட்டினார்.

அந்த அம்மாளின் முகத்தில் நன்றி என்று எதுவும் தட்டுப்படவில்லை. மிளகுத் தூளை வாங்கி முட்டையின் மேல் நிதானமாகத் தூவினாள். முட்டையை இரண்டாகப் பிளந்தாள். மஞ்சள் கரு நன்றாக வெந்து, விளிம்பில் லேசாகக் கருத்து, முழுசாக இருந்தது. மெக்கானிக் மறுபடியும் கால்மாட்டுக்குப் போய் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"டாக்டர்" என்றாள் அவள். அந்தச் சொல்லை உரித்துத் தட்டில் வைத்த மாதிரி இருந்தது. "சாப்பிடுறவங்க வாயை ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தா ஜீரணம் ஆகாதுன்னு ஒரு தடவை எழுதியிருந்தீங்களே?"

அவர் அப்படி எதுவும் எழுதியதில்லை.

"ஆமா" என்றார். "எழுதியிருந்தேன். பாக்கக் கூடாது."

மெக்கானிக் அடுத்த நொடியே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வகுப்பில் தண்டனை வாங்கிய பையனைப் போல, கையை முன்னால் கட்டி, மூக்கு சுண்ணாம்பில் படுகிற தூரத்தில் நின்றார். கசங்கிய முதுகு மட்டும் தெரிந்தது. அவள் மஞ்சள் கருவை விரலால் நெம்பி எடுத்தாள். வாய்க்குக் கொண்டு போனவள் பாதியில் நிறுத்தி, உதவி ஆசிரியரைப் பார்த்து, காலியாக இருந்த மற்றக் கையின் ஆள்காட்டி விரலால், நீங்களும் திரும்புங்க என்கிற மாதிரி, காற்றில் ஒரு சின்ன வட்டம் போட்டுக் காட்டினாள்.

அவர் எழுந்து போய் மெக்கானிக்குக்குப் பக்கத்தில், தோளோடு தோள் உரச, சுவரைப் பார்த்து நின்றார். இரண்டு பேர் முதுகுக்கும் பின்னால், அவசரமே இல்லாமல், அவள் மெல்லும் சத்தம் கேட்டது.